ட்யூபாக்காரியின் மாமியார்

மழை சாலையைக் கொண்டுபோவது எங்களுக்குப் புதிதில்லை. ஒவ்வொரு அக்டோபரிலும் எங்கேயாவது ஓரிடத்தில் மலை சரியும், சாலை பள்ளத்தாக்கில் போய்க் கிடக்கும். அந்த வருஷம் சான் மெலித்தோன் போகிற வழியில் சரிந்தது. அதுவும் அந்த ஊர்த் திருவிழாவுக்கு முந்தின வாரம்.

போகாமல் இருக்க முடியாது. எங்கள் மலையில் பேண்டு வாத்தியம் இல்லாத ஊரே கிடையாது. ஒரு ஊர்ப் பேண்டு இன்னொரு ஊர்த் திருவிழாவுக்குப் போய் வாசிக்கும். பிறகு அந்த ஊர் இங்கே வந்து வாசிக்கும். காசு வாங்குவதில்லை. சாப்பாடு, மெஸ்கால் சாராயம், படுக்க ஓரிடம், அவ்வளவுதான். ஜூலையில் எங்கள் திருவிழாவுக்கு அவர்கள் வந்து கொட்டுகிற மழையில் நின்று வாசித்தார்கள். இப்போது நாங்கள் முறை செய்ய வேண்டும். சாலை சரிந்துவிட்டது என்று சொல்லி நின்றால் அதைத் தலைமுறைக்கும் சொல்லிக்காட்டுவார்கள். நாங்கள் மிஹே இனம், அவர்கள் சபோதெக் இனம்; பாஷை வேறு, இரண்டு பக்கமும் வாய் நீளம்.

சரிவு வரைக்கும் லாரி, அங்கிருந்து நடை என்று பேண்டு மாஸ்டர் ஓதிலோன் மாமா முடிவு செய்தார். காட்டுக்குள் ஏறி, கணவாயைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்க வேண்டும். விடிந்ததும் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் போய்விடலாம். கிளாரினெட் வாசிக்கிற எனக்குச் சுமை ஒன்றும் பெரிதில்லை. என் கவலை செலெரினாவைப் பற்றித்தான்.

செலெரினா என் சித்தி மகள். உடம்பைச் சுற்றி வளைத்துத் தோளில் உட்கார்ந்துகொள்ளும் அந்தப் பெரிய பித்தளை ட்யூபாவை இப்போது எங்கள் ஊரில் அவளைத் தவிர வாசிக்க ஆள் இல்லை. சான் மெலித்தோன் அவள் வாழப்போன ஊர். மௌரோ என்பவனைக் கட்டி மூன்று வருஷம் அங்கே இருந்தாள். ஒரு நாள் காலையில் எழுந்து, காபி போட்டு வைத்துவிட்டு, இதே கணவாய் வழியாகத் தனியாக நடந்து எங்கள் ஊருக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு திரும்பிப் போகவே இல்லை. நாலு வருஷம் ஆகிறது.

அடித்தானா என்று கேட்டார்கள். இல்லை. குடிக்கிறானா? எல்லோரும் குடிக்கிற அளவுதான். மாமியார் கொடுமையா? தோமாசா அத்தை தங்கமானவர் என்று அவளே சொன்னாள். அங்கே அப்போதெல்லாம் பேண்டில் பெண்களைச் சேர்க்க மாட்டார்கள், அதனாலா என்று நான் கேட்டேன். சேர்த்திருந்தாலும் வந்திருப்பேன் என்றாள். காரணம் ஏதாவது இருந்தால் ஊர் பேசி முடித்துவிடும். இல்லாததால் பேச்சு ஓயவே இல்லை.

இந்தப் பயணத்துக்கு வருகிறாயா என்று ஓதிலோன் மாமா கேட்டபோது, அவர் வாய் மூடுவதற்குள் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அப்புறம் கிளம்புகிற நாள் வரைக்கும் அவள் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

லாரியை விட்டு இறங்கியதும் ட்யூபாவை பிளாஸ்டிக் தாளில் சுற்றி, கயிற்றுப் பட்டையை நெற்றியில் மாட்டி முதுகில் ஏற்றிக்கொண்டாள். பெரிய மேளத்தை இரண்டு ஆண்கள் கம்பில் கட்டித் தூக்கினார்கள். ஓக் மரங்கள் முடிந்து மேகக் காடு தொடங்கியதும் முன்னால் போகிறவரின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. மரமெல்லாம் பாசி. பனை உயரத்துப் பெரணிகள். மழை இல்லாமலே இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. எங்கேயோ மேலே ஒரு சாம்பல் குருவி, பழுதான புல்லாங்குழலை யாரோ அவசரமாக ஊதிப் பார்ப்பதுபோலக் கத்திக்கொண்டிருந்தது. சாக்ஸபோன்காரர் அதைக் கேட்டு, ஒத்திகைக்கு வராதவன் வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் மூச்சு வாங்கியது.

செலெரினா எங்களுக்கு முன்னால் போய் மூடுபனியில் மறைவாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவாள். வழி சரிதான் என்பாள், மறுபடி போவாள். அத்தனை கனத்தை முதுகில் வைத்துக்கொண்டு.

"நாம எல்லாரும் சேர்ந்து நடக்கிறத விட இவ ஒருத்தி அதிகம் நடக்கிறா," என்றார் ஓதிலோன் மாமா. "அங்க போய் ஊதறதுக்கு மூச்சு மிச்சம் இருக்குமான்னு கேட்டுச் சொல்லும்மா ரொமானா."

நான் கேட்டேன். அவள் காதில் விழவில்லை.

கணவாயில் கற்கள் குவித்து வைத்த இடத்தில் எல்லோரும் நின்றோம். அந்த மலையைக் கேட்காமல் யாரும் தாண்டுவதில்லை. ஓதிலோன் மாமா சட்டைப் பையிலிருந்து முட்டைகளை எடுத்து உடைத்து ஊற்றினார், மெஸ்காலை மண்ணில் வார்த்தார். எங்கள் பாஷையில் எல்லோர் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, இவர்களை வழுக்காமல் இறக்கிவிடு என்று கேட்டுக்கொண்டார். செலெரினா பெயரைச் சொல்லும்போது சுற்றிப் பார்த்தார். அவள் இல்லை.

கணவாய்க்குக் கீழே பாதை இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கம் சான் மெலித்தோன். இடப்பக்கம் இறங்கினால் காபித் தோட்டங்கள் வழியாகப் பெரிய சாலைக்குப் போகலாம், அங்கே பஸ் வரும். வலப்பக்கச் சேற்றில் காலடி இல்லை. ட்யூபா இல்லாமல் போய் நின்றால் அவமானம், ஆளே இல்லாமல் போனால் அதைவிட அவமானம் என்று மாமா முணுமுணுத்தார். நான் கிளாரினெட்டை ஒருவரிடம் கொடுத்துவிட்டு இடப்பக்கம் இறங்கினேன்.

ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஒரு ஓடைக்கரையில் ட்யூபாவை இறக்கி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கடி போற?"

"தெரியலக்கா. கால் இந்தப் பக்கம் திரும்பிடுச்சு."

"ஊர்ச் சொத்த முதுகுல வச்சுக்கிட்டா கால் திரும்பிச்சு?"

அவள் சிரிக்கவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு தடவை தாண்டினாள், திரும்பத் தாண்டி வந்தாள்.

"மௌரோ முன்னாடி நின்னுடுவேன். அவரு எதையும் கேக்க மாட்டாரு. அத்தை கேப்பாங்க. ஏன் போனன்னு கேப்பாங்க. எனக்குப் பதில் தெரியாதுக்கா."

"ஏதாவது ஒரு பொய்யச் சொல்லித் தொலை."

"பொய்கூட ஒண்ணும் தோண மாட்டேங்குது."

நான் அவளைச் சமாதானம் செய்யவில்லை. ட்யூபாவை நான் தூக்கப் போனேன். அது பொறுக்காமல் அவளே பிடுங்கி மாட்டிக்கொண்டாள். மேலே ஏறி வந்தோம். மாமா அவளைத் திட்டுவார் என்று நினைத்தேன். மீதி இருந்த மெஸ்காலில் ஒரு வாய் கொடுத்து நடக்கச் சொன்னார்.

சான் மெலித்தோன் எல்லையில் வாணம் விட்டு எங்களை வரவேற்றார்கள். அந்த வருஷம் ஊர்க்காவல் பொறுப்பு மௌரோவுக்கு விழுந்திருந்தது. கையில் கோலோடு, நனைந்த தொப்பியோடு, வருகிற விருந்தாளி ஒவ்வொருவருக்கும் சாராயக் கோப்பையை நீட்டுவது அவன் வேலை. வரிசை நகர்ந்தது. என் முறை வந்தது, குடித்தேன். எனக்குப் பின்னால் செலெரினா.

"வாங்க," என்றான் மௌரோ. "மலை தாண்டி வந்திருக்கீங்க. குடிங்க."

கட்டின பெண்டாட்டியை ஊர் விருந்தாளிக்கு உரிய மரியாதையோடு 'வாங்க' என்றான். அவன் குரலில் குத்தல் இல்லை. கடமையை ஒழுங்காகச் செய்கிறவன், அவ்வளவுதான். அவள் ஒரே மடக்கில் குடித்து, அவன் கை நீட்டுவதற்குள் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நகர்ந்தாள்.

ஓரமாக நின்ற பெண்கள் தங்கள் பாஷையில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அரைகுறையாகத்தான் புரியும். செலெரினாவுக்கு முழுக்கப் புரியும் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்களோ, வேண்டுமென்றே பேசினார்களோ. புருஷனைச் சுமக்க முடியாதவள் எவ்வளவு பெரிய மூட்டையைச் சுமந்து வருகிறாள் பார் என்றாள் ஒருத்தி.

செலெரினா நின்று, அவர்கள் பாஷையிலேயே பதில் சொன்னாள். "கனம்தான் அக்கா. ஆனா இது நான் ஊதினாத்தான் சத்தம் போடும்."

பெண்கள் சிரித்தார்கள். அப்படிச் சொன்னவளும் சிரித்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்புறம் விருந்தாளிகளை வீடுகளுக்குப் பிரித்துக்கொள்வது. வீட்டுக்காரர்கள் வந்து இரண்டு பேர், மூன்று பேர் என்று கையைப் பிடித்து அழைத்துப் போவார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு குட்டையான ஒரு பெண் வந்தார். முழங்கை வரை மாவு. தோமாசா அத்தை. ஊரில் பன் சுடுகிறவர் அவர்தான். திருவிழா பன் முழுக்க அவர் வீட்டு மண் அடுப்பில்தான் வேகும்.

"ட்யூபா என் வீட்டுக்கு," என்றார். ட்யூபாவோடு நானும் போனேன்.

வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. செலெரினா போன மறு வருஷம் மௌரோ வேறொரு பெண்ணோடு ஊரின் மேல்கோடியில் குடியேறிவிட்டானாம். அத்தை எங்களுக்கு சோளமாவில் பீன்ஸ் வைத்து அவித்த தமாலேயும் காபியும் சூடான பன்னும் வைத்தார். அடுப்புக்கும் பலகைக்கும் நடந்துகொண்டே, எனக்கும் புரியட்டும் என்று இரண்டு ஊருக்கும் பொதுவான பாஷையில், எங்கள் ஊர் மழை, எங்கள் ஊர்ச் சோளம் எல்லாம் விசாரித்தார். அந்தக் கேள்வி மட்டும் வரவில்லை. செலெரினா பாதி பன்னைத் தின்றுவிட்டு எழுந்து விறகை அடுக்கினாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து, அடுக்கிய விறகை வேறு மாதிரி அடுக்கினாள்.

"உக்காரு," என்றார் அத்தை. "முட்டை போட எடம் தேடுற கோழி மாதிரி. அப்பவும் இப்படித்தான்."

கேட்டுவிட்டால் தேவலை என்று எனக்கே இருந்தது. அந்த ராத்திரி முழுக்கப் பக்கத்தில் அவள் புரண்டுகொண்டிருந்தாள்.

மறுநாள் திருவிழா. கோவில் முற்றத்தில் அவர்கள் பேண்டு ஒரு பாட்டு, நாங்கள் ஒரு பாட்டு. யார் முதலில் சளைக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் விஷயம். தார்ப்பாய்க்கு மேலே மழை எங்களைவிடச் சத்தமாக வாசித்தது. செலெரினா நன்றாக வாசித்தாள். அவள் ட்யூபா கீழே நின்று தாங்கினால் எங்களுக்கெல்லாம் மேலே ஏறிக் குதிக்கத் தைரியம் வரும். நடுவில் ஒரு தடவை கூட்டத்தில் மௌரோவின் புதுப் பெண்ணைப் பார்த்தோம். வயிறு தள்ளியிருந்தது, கையில் பன் வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். செலெரினாவும் பார்த்தாள். சுருதி அசையவில்லை. அவள் வலது கால் மட்டும் பாட்டின் தாளத்தை விட்டுவிட்டு வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தது.

கடைசி நாள் பிற்பகலில்தான் அந்தக் கேள்வி வந்தது. வாசிப்பு முடிந்து ஆண்கள் எல்லாம் குடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வழியனுப்புக்கான கடைசி அடுக்கு பன்னுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தோம். அத்தை தலை நிமிராமலே ஆரம்பித்தார்.

"நீ போனதும் ஊர் கேட்டுச்சு. நான் ஆளுக்கு ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன். பாதிரியார்கிட்ட உங்கப்பாவுக்கு ஒடம்பு முடியலன்னேன். அக்கம்பக்கத்துல உனக்குக் கிறுக்கு புடிச்சிருச்சுன்னேன். என் தங்கச்சிகிட்ட, நான்தான் வெரட்டி விட்டேன்னேன். அதத்தான் எல்லாரும் நம்புறாங்க. இப்ப நீயே வந்திருக்க. எத வச்சுக்கறது, எத விடறதுன்னு நீ சொல்லு."

செலெரினா மாவை உருட்டினாள், பிரித்தாள், மறுபடி உருட்டினாள்.

"அத்தை, உங்க மகன் நல்லவரு. நீங்க என்னை நல்லாத்தான் வச்சிருந்தீங்க. காலையில எந்திரிச்சு வாசல்ல நின்னா எதிர்ல இந்த மலை. சாயங்காலம் அதே மலை. எனக்கு நிக்க முடியல. அதுக்கு மேல எனக்கே தெரியல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அத்தை எழுந்து அடுப்புக்குப் போனார். கதவுக்கல்லை நகர்த்தி உள்ளே பார்த்தார். வெந்துவிட்டதா என்று பார்க்க அவருக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

"நிக்க முடியலன்னா போயிடலாம்னு என்கிட்ட யாரும் சொல்லலியே," என்றார். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வெந்த பன்னை எடுத்துக் கூடையில் அடுக்கினார். செலெரினா என்னிடம், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றாள்.

மறுநாள் காலை கிளம்பினோம். ஊர்க் காவல்காரர்கள் எல்லை வரை கூட வர வேண்டும் என்பதால் மௌரோவும் வந்தான். கடைசி வீட்டுக்கு அப்பால், பாதையோரத்தில், தோமாசா அத்தை நின்றுகொண்டிருந்தார். தலையில் சால்வை, முதுகில் மூட்டை, காலில் மழைக்காலச் செருப்பு. பன் கொடுத்தனுப்ப வந்திருக்கிறார் என்று நினைத்தோம்.

"எங்கம்மா கெளம்பிட்ட?" என்றான் மௌரோ.

"இவங்க ஊருக்கு."

"எதுக்கு?"

"எத்தனை வருஷமா இவங்களுக்குப் பன் சுட்டுப் போட்டிருக்கேன். நம்ம ஆளுங்க வருஷா வருஷம் அங்க போய்த் தின்னுட்டு வரீங்க. என்னை ஒருத்தராவது வாங்கன்னு கூப்பிட்டீங்களா?"

"அடுப்பு?"

"அது எங்கயும் போகாது."

"யார் வீட்ல தங்குவ?"

"எனக்கு அங்க மருமக வீடு இருக்கு."

யாரோ பின்னால் சிரிப்பை அடக்கினார்கள். மௌரோ செலெரினாவைப் பார்த்தான். அவள் வேறெங்கோ பார்த்தாள். அவளுக்கும் இது இடிதான். ஓதிலோன் மாமா பாடு பெரும்பாடு. கூட்டிப்போனால் திருவிழாவுக்கு வந்தவர்கள் ஊர்ப் பெண்ணைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள் என்பார்கள். வேண்டாமென்றால் மூன்று நாள் தின்ற பன்னுக்குத் துரோகம். அவர் தொப்பியைக் கழற்றினார், மாட்டினார். பிறகு தாளத்தட்டு வாசிக்கிறவனைக் கூப்பிட்டு, இரண்டு தட்டையும் வாங்கி அத்தை கையில் கொடுத்தார்.

"பேண்டோட வர்றவங்க ஏதாவது ஒண்ணத் தூக்கணும் சம்பந்தியம்மா. அதான் எங்க வழக்கம்."

அத்தை தட்டுகளை மூட்டைக்குள் சொருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். மௌரோ எல்லைக்கல் வரை கூட வந்தான். அங்கே நின்றுவிட்டான். அவனுக்கு அதற்கு மேல் வர உத்தரவில்லை.

ஏற்றத்தில் அத்தைக்கு மூச்சு திணறியது. நின்று நின்று வந்தார். செலெரினா முன்னால் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தாள். வாங்க அத்தை, மெதுவா வாங்க அத்தை, இன்னும் எவ்வளவு நேரம் அத்தை. ஒரு கட்டத்தில் அத்தை, முன்னாலேயே போய்த் தொலை, உன்னைப் பார்த்தாலே எனக்குக் களைப்பாக இருக்கிறது என்றார். கணவாய்க்கு வந்தபோது மூடுபனி கொஞ்சம் விலகியிருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த மலையின் ஒரு பக்கத்தையே பார்த்தவர், மறுபக்கத்தை முதல் தடவையாகப் பார்த்தார். வரிசை வரிசையாகக் காடு. நீலமாக, பிறகு சாம்பலாக.

"இங்கயும் மரம்தானா," என்றார்.

"பின்ன, கடல்னு நெனச்சீங்களா?" என்றாள் செலெரினா.

"நெனச்சா என்ன?"

அந்தப் பேச்சு அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

எங்கள் ஊரில் அத்தை செலெரினாவின் அப்பா வீட்டில் தங்கினார். இரண்டு நாளில் திரும்பிவிடுவார் என்று எல்லோரும் நினைத்தோம். மாதக் கடைசி வந்துவிட்டது. எங்கள் பன் கடைக்காரி ஆசையாக வந்து அடுப்பில் ஒரு கை கொடுக்கச் சொன்னாள். அத்தை அடுப்புப் பக்கமே போகவில்லை. காலையில் சந்தை, பிறகு ஆற்றுப்பாலம், சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கும் கூடைப்பந்து மைதானம். எங்கள் பெண்கள் அணி விளையாடும்போது அவர்களுக்குப் பாஷை புரியாது என்ற தைரியத்தில் சபோதெக்கில் கன்னாபின்னாவென்று திட்டி உற்சாகப்படுத்துவார். வீட்டில் மட்டும் அவருக்கும் செலெரினாவுக்கும் ஒத்துப்போகவில்லை. அத்தை காபி ஆறுகிறது உட்கார் என்பார், இவள் உங்கள் ஊருக்கு எப்போது போகிறீர்கள் என்பாள். நடுவில் செலெரினாவின் அப்பா என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்வார். ஒரே வீட்டில் இரண்டு காற்று வீசுகிறது ரொமானா என்பார்.

இறந்தவர்கள் நாளுக்கு முன்னால் மௌரோ கணவாய் தாண்டி வந்தான். சாலை இன்னும் சரியாகவில்லை. நனைந்துபோய் முற்றத்தில் நின்றான். நான் அப்போது அங்கே இருந்தேன். அவன் கேட்டது நியாயமான கேள்வி. வருஷத்துக்கு ஒரு நாள் செத்தவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். செத்துப்போன தன் அப்பா வந்து பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதா?

"உங்கப்பா உசுரோட இருந்தப்ப எத்தனை நாள் நான் கதவத் தெறந்து வச்சுக்கிட்டுக் காத்திருந்தேன்," என்றார் அத்தை. "ஒரு வருஷம் அவரு காத்திருக்கட்டும். நான் கடலைப் பாத்துட்டு வரேன்."

எங்களுக்கெல்லாம் திக்கென்றது. செத்தவர்களைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். மௌரோ தொப்பியிலிருந்த தண்ணீரை உதறினான். பிறகு, சரி, நானே வீட்டைத் திறந்து பூ வைக்கிறேன் என்றான். போகும்போது செலெரினாவிடம் திரும்பி, "அம்மாவப் பாத்துக்கங்க," என்றான். அவள் தலையாட்டினாள். அவன் போன பிறகு என்னிடம் சொன்னாள்: "ஒரு தடவையாவது 'போடி'ன்னு சொல்லியிருக்கலாம்க்கா அந்த மனுஷன்." அவள் அழுததை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

கடலுக்கு யார் கூட்டிப்போவது என்ற கேள்வியே எழவில்லை. செலெரினா ட்யூபாவைத் துடைத்து பேண்டு அறையில் வைத்துவிட்டு வந்தாள். இரண்டு பேரும் விடியற்காலை வேனில் ஏறினார்கள். கீழே போய் பஸ் மாறி, இன்னொரு பஸ் மாறி, சலீனா க்ரூஸ் துறைமுகம். நான் வேன் வளைவில் மறையும் வரை நின்றேன். வீட்டுக்கு வந்தும் எனக்கு வேலை ஓடவில்லை.

மூன்றாம் நாள் போன் வந்தது. காற்று இரைச்சல். பின்னால் செலெரினா சிரிக்கிறாள். அத்தை தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி நிற்கிறாராம். வெளியே வர மாட்டேன் என்கிறாராம். போனை அவர் கையில் கொடுத்தாள்.

"ரொமானா, இது ஒரு நிமிஷம் சும்மா இருக்குதா பாரு. காலையில இருந்து பாக்குறேன். வருது, போகுது, வருது, போகுது. உன் தங்கச்சி மாதிரியே." அப்புறம், "உப்புக் கரிக்குது, மாவுல போட உதவாது," என்றார்.

அத்தை ஒரு வாரம் கழித்துத் தனியாகத் திரும்பி வந்தார். கறுத்துப்போயிருந்தார். பையில் காய்ந்த இறால் மணத்தது. செலெரினா எங்கே என்றோம். தெஹுவாந்தெபெக் பக்கம் ஏதோ கல்யாணத்தில் ஒரு பேண்டு வாசித்ததாம், அவர்கள் ட்யூபாக்காரன் போதையில் விழுந்துகிடந்தானாம், இவள் போய் அவன் ட்யூபாவை எடுத்து வாசித்தாளாம். இரண்டு நாள் இரு என்றார்களாம். அத்தை பஸ் ஏறும்போது, அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாளாம்.

"கூடவே இழுத்துட்டு வந்திருக்கக் கூடாதா?" என்று ஓதிலோன் மாமா கேட்டார்.

"என்னை யாராவது இழுத்தாங்களா?" என்றார் அத்தை.

அவரைக் கணவாய் வரைக்கும் நான் கொண்டுபோய் விட்டேன். இந்தத் தடவை மூச்சு வாங்கவில்லை. கடற்கரையில் நடந்து நடந்து கால் பழகிவிட்டது என்றார். செலெரினா வருவாளா என்று கேட்டேன். வருவாள் என்றார். கொஞ்ச தூரம் இறங்கி, திரும்பி நின்று, "வர மாட்டான்னும் தோணுது. எனக்கென்ன தெரியும்," என்று சத்தமாகச் சொல்லிவிட்டு மூடுபனிக்குள் போனார். எனக்கு ஊருக்குத் திரும்பவே மனமில்லை. அந்தக் கற்குவியல் பக்கத்தில் குளிர் எலும்பைத் தொடும் வரை நின்றேன்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. எப்போதாவது போன் செய்கிறாள், ஒவ்வொரு தடவையும் வேறு ஊர். சியாபாஸ் என்கிறாள், வெராக்ரூஸ் என்கிறாள். பின்னால் எப்போதும் யாரோ வாத்தியம் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பார்கள். நன்றாக இருக்கிறாயா என்று கேட்டால், இருக்கிறேன் அக்கா, கிளம்பிக்கொண்டிருக்கிறேன் என்பாள். எங்கள் ட்யூபாவை இப்போது ஓதிலோன் மாமாவின் மருமகன் ஊதுகிறான். மாடு இருமுவதுபோல இருக்கிறது. மாமா அவளைத் திட்டுவதை இன்னும் நிறுத்தவில்லை. ஆனால் பேண்டு அறையில் அவள் நாற்காலியில் அந்தப் பையனை உட்கார விடுவதில்லை.

இந்த ஜூலையில் சான் மெலித்தோன்காரர்கள் முறைக்கு வந்தார்கள். சாலை போட்டாகிவிட்டது, லாரியிலேயே வந்து இறங்கினார்கள். அவர்கள் பேண்டில் இந்த வருஷம் இரண்டு சின்னப் பெண்கள், கிளாரினெட்டோடு. மௌரோ வரவில்லை, அவனுக்குப் பெண் குழந்தை பிறந்து தவழுகிறதாம். லாரியின் பின்பக்கத்திலிருந்து மாவு மூட்டை மாதிரி தோமாசா அத்தை இறங்கினார். ஒரு கூடை நிறையப் பன். வந்ததும் என் வீட்டுக்குத்தான் வந்தார்.

செலெரினா எங்கே இருக்கிறாள் என்றார். போன வாரம் கடற்கரைப் பக்கம், இந்த வாரம் தெரியாது என்றேன். காபி கொடுத்தேன். அவர் பாதி குடித்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனார், வானத்தைப் பார்த்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"கீழ போற வேன் காலையில எத்தனை மணிக்கு?" என்றார்.

ஐந்தரைக்கு என்றேன். எதற்குக் கேட்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. என் சால்வை கொடியில் ஈரமாகக் கிடந்தது. விடிவதற்குள் காயட்டும் என்று அதை எடுத்துப்போய் அடுப்புக்குப் பக்கத்தில் போட்டேன்.